வெயிலும் வேலையும்: சூரிய மின் தொழிற்பயிற்சி குறித்து மகாராஜபுரத்தில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவு



அண்ணலின் நினைவு நாளில் ஓர் இலக்கிய மன்றம் சோலாரைப் பற்றிப் பேசச் சொல்கிறதே என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அண்ணலைச் சட்ட மேதையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சிலையிலும் அவர் கையில் புத்தகத்தைத்தான் வைக்கிறோம். ஆனால் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த நாலாண்டுகளில் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் இந்த நாட்டில் தொழில் வளராது, தொழில் வளராமல் ஏழ்மை தீராது என்று 1943 அக்டோபரில் மறுசீரமைப்புக் குழுக் கூட்டத்தில் வாதாடினார். மின்சாரம் தனியார் கையில் இருக்க வேண்டுமா, அரசின் கையில் இருக்க வேண்டுமா என்ற கேள்வியையும் அங்கேயே எழுப்பினார். அதே ஆண்டு டிசம்பரில் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கி, தொழிலாளி எப்படி வெட்டுகிறான், எங்கே படுக்கிறான் என்று நேரில் பார்த்தார். அடுத்த ஆண்டே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அவர் அரசுக்குக் கொடுத்த மனுவில் கோயில் நுழைவு பெரிய இடம் பிடிக்கவில்லை. அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழகும் இடம் கேட்டார். அன்றைய புதுத் தொழில்கள் அவைதாம். இன்றைய புதுத் தொழிலில் நமக்கு எந்த இடம் என்பதே இந்த உரையின் கேள்வி.

2025 தொடக்கத்தில் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. நம் பக்கத்து மாவட்டத்தில், கமுதியில், 2016இல் 648 மெகாவாட் நிலையம் ஒன்று எழும்பியது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். எட்டு மாதத்தில் கட்டினார்கள். கட்டும்போது எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்ததாகச் செய்தி வந்தது. கட்டி முடித்த பிறகு? பேனலைத் துடைக்க எந்திரம் வந்துவிட்டது. காவலுக்குச் சிலர், புல் வெட்டச் சிலர், கட்டுப்பாட்டு அறையில் படித்தவர் சிலர். நிலக்கரி நிலையத்தில் நாள்தோறும் கரி இறக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், கொதிகலனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலை யாரும் இறக்க வேண்டியதில்லை. ஆகவே பெரிய சூரியப் பூங்கா கட்டும் காலத்தில்தான் ஆளைக் கேட்கும், ஓடும் காலத்தில் கேட்காது. பூங்கா வந்தால் ஊருக்கே வேலை என்று மேடையில் யாராவது சொன்னால், எத்தனை மாதத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தரிசு என்று ஏட்டில் எழுதிவிடுவார்கள். நமக்குத் தெரியும், அங்கே சீமைக் கருவேலம் நிற்கும், அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் இருக்கும், ஆடு மேய்த்தவர்கள் இருப்பார்கள். பட்டா அவர்கள் பெயரில் இல்லை என்பதால் நிலம் விற்ற பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. சீமைக் கருவேலத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சும் அந்த மரம் போகட்டும். மூட்டம் போட்டவரின் கை வேலையும் அதோடு போகிறது, அதை எந்த ஏடும் எழுதுவதில்லை. எந்த ஊரில் பூங்கா வந்தாலும் வாங்கிய சர்வே எண்களில் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. அது இன்னொரு கூட்டத்துக்குரிய பேச்சு.

அப்படியானால் நிலையான வேலை எங்கே இருக்கிறது? சின்ன அமைப்புகளில். வீட்டுக் கூரை, பள்ளிக்கூடம், துணை சுகாதார நிலையம், தெருவிளக்கு, கிணற்று மோட்டார். இவை ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் பழுதாகும், ஒவ்வொன்றையும் பழுது பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் சான்றிதழ்தான் நம் கண்முன் வருகிறது, வேலையே வருவதில்லை.

பேனல் மேல் வெளிச்சம் பட்டால் ஒரே திசையில் ஓடும் மின்சாரம் பிறக்கிறது. இதை டி.சி. என்பார்கள். வீட்டு மின்விசிறியும் டிவியும் ஓடுவது ஏ.சி.யில். நடுவில் இருந்து மாற்றிக் கொடுப்பது இன்வெர்ட்டர். இரவுக்குச் சேர்த்து வைக்க பேட்டரி வேண்டும், பேட்டரி அளவுக்கு மேல் நிரம்பாமலும் அடிமட்டம் வரை வற்றாமலும் காக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். கேட்க எளிது. சிக்கல் இதில் இருக்கிறது: வீட்டு மின்சாரத்தை மெயினை இறக்கி நிறுத்தலாம், சூரியனை இறக்க முடியாது. பகலில் பேனலின் இரண்டு முனைகளிலும் எப்போதும் மின்சாரம் நிற்கும். ஒரு பேனல் நாற்பது வோல்ட் அளவில்தான் தரும், பத்தைத் தொடராக இணைத்தால் நானூறு வோல்ட். ஏ.சி. ஒரு நொடியில் பல முறை பூச்சியத்தைத் தொட்டு மீள்வதால் தீப்பொறி எழுந்தாலும் அணைய வாய்ப்புண்டு. டி.சி. பொறி அப்படி அணையாது, இழுத்துக்கொண்டே எரியும். இணைப்பைச் சரியாகக் கடிக்கவிடாத ஒருவனால் கூரையே பற்றிக்கொள்ளும். உயரத்தில் நின்று வேலை, இடுப்பில் கயிறு வேண்டும். எர்த் சரியாக இறக்க வேண்டும். மல்டிமீட்டரைப் பிடித்து எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்று பார்க்காமல் தொடக்கூடாது. இவையெல்லாம் ஒரு வாரத்தில் வராது. அதே சமயம் பட்டம் பெற்றவனுக்கு மட்டுமே வரும் வித்தையும் இல்லை.

2011இல் தமிழக அரசு சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு, ஐந்து சூரிய விளக்கு, ஆண்டுக்கு 60,000 வீடு என்பது அறிவிப்பு. நல்ல திட்டம்தான். ஆனால் இத்தகைய அமைப்பின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. ஈய அமில பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், முழுக்க வற்றவிட்டால் செத்துவிடும், நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில ஆண்டுகள்தான் உழைக்கும். புது பேட்டரி வாங்க வீட்டுக்காரரிடம் பணம் இல்லை, பழையதைச் சோதிக்க ஊரில் ஆள் இல்லை என்றால் மேலே பேனல் பளபளக்கும், கீழே இருட்டு. பேனலுக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயுள் என்று எழுதியிருக்கும். பராமரிக்கிறவனுக்கு எத்தனை ஆண்டு சம்பளம் என்று எழுதியிருக்காது.

மத்திய அரசு 2015இல் சூரியமித்ரா என்ற பயிற்சியைத் தொடங்கியது. மூன்று மாதம், 600 மணி நேரம், தங்கிப் படிக்கலாம், கட்டணம் இல்லை. ஐம்பதாயிரம் பேரை உருவாக்குவது இலக்கு. சேர்வதற்குத் தகுதி பத்தாம் வகுப்போடு எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற பிரிவில் ஐ.டி.ஐ. நம் காலனிப் பிள்ளைகளில் பலர் இந்தப் படியில் ஏறிவிட முடியும், ஏறவும் வேண்டும். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயிலிலும் அத்திக்கோயிலிலும் தாணிப்பாறை ராம் நகரிலும் இருக்கும் பளியர் பிள்ளைகளுக்கு? எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்களுக்கு அந்தக் கதவு அளவெடுத்துச் செய்த பூட்டோடு இருக்கிறது.

இங்கே ராஜஸ்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஜ்மீர் மாவட்டம் திலோனியாவில் 1972இல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைச் சூரிய மின் பொறியாளர்களாக்குகிறார்கள். ஆறு மாதப் பயிற்சி. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் பெண்களுக்கும் இவர்களுக்கும் பொது மொழி கிடையாது. பாகங்களை நிறத்தால் அடையாளம் காட்டி, கையால் செய்து காட்டி, மறுபடி மறுபடி செய்ய வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடுத்தர வயதுப் பெண்களையும் பாட்டிமார்களையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு பங்கர் ராய் சொல்லும் காரணம் நமக்கும் பொருந்தும்: இளைஞனுக்குச் சான்றிதழ் கொடுத்தால் அவன் மறுநாள் நகரத்துக்குப் பேருந்து ஏறிவிடுவான், பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டாள். ராம் நகரிலோ அத்திக்கோயிலிலோ நாற்பது வயதுப் பெண்கள் நாலு பேர் சால்டரிங் செய்யக் கற்றுக்கொண்டால், மழைக்காலத்தில் கம்பி அறுந்து விளக்கு போனால் வத்திராயிருப்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கற்றுக்கொள்கிறவர்கள் என்று மட்டும் பளியரைச் சொல்வதும் அரைகுறைப் பேச்சு. நம் மலை மேற்கே இருக்கிறது. அடிவாரக் குடியிருப்பில் சூரியன் கடலோரத்தில் மறைவதுபோல் ஆறு மணிக்கு மறைவதில்லை, பிற்பகலிலேயே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அந்தத் தொடர் முழுவதும் தளர்ந்துவிடும். தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சாய்த்து வை என்று புத்தகம் சொல்லும். எந்த மாதத்தில் எந்த மேட்டில் எத்தனை நாழிகை வெயில் நிற்கும், எந்த மரம் எப்போது இலை உதிர்க்கும், குரங்கு எந்த வழியாக வரும், யானை எங்கே உரசும் என்பதைப் புத்தகம் சொல்லாது. தேன் எடுக்க ஆளுயரப் பாறையில் கொடி கட்டி இறங்குகிறவருக்குக் கூரையில் கயிறு கட்டி நிற்க யார் கற்றுத்தர வேண்டும்?

காடு என்றதும் வனத்துறை அனுமதி என்று பேச்சு நின்றுவிடுகிறது. இந்த மலை 1980களின் கடைசியிலிருந்து சாம்பல் அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். இங்கே ஒரு கம்பம் நடவும் முடியாது என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை எடுத்து மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பாருங்கள். காட்டு நிலத்தில் அரசு செய்து தரக்கூடிய பதின்மூன்று வசதிகளை அது பட்டியலிடுகிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை எல்லாம் உண்டு. அதே பட்டியலில் மரபுசாரா எரிசக்தி இருக்கிறது. அதே பட்டியலில் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. நாம் இன்று பேசும் இரண்டு பொருளும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து! ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவைதாம் நிபந்தனைகள். புலிகள் காப்பகம் என்பதால் இந்தச் சட்டம் செல்லாமல் போவதில்லை. இந்தச் சட்டம் காட்டுக் குடியிருப்பையும் கிராமம் என்றே கணக்கில் எடுக்கிறது.

2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கானது, அதில் சூரிய மின்வசதியும் அடக்கம். தமிழகத்தில் அந்தப் பிரிவில் இருப்பவை ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பளியர் இல்லை. மலைக்குகையில் வாழ்ந்த நினைவு இன்னும் தலைமுறை தாண்டாத மக்களை அந்தப் பட்டியல் எப்படி விட்டது என்பது எனக்குப் புரியாத கணக்கு. பட்டியலைத் திருத்தச் சொல்வது நீண்ட போராட்டம். வன உரிமைச் சட்டம் கையிலேயே இருக்கிறது.

இனி, கரியோடு பிழைத்தவர்களின் கதை. நிலக்கரி குறையும், அந்தத் தொழிலாளிகளுக்குச் சூரிய மின் தொழில் பழக்கி நியாயமான மாற்றம் செய்வோம் என்று உலகெங்கும் பேசுகிறார்கள். நமக்கு இது புதிய பேச்சு அல்ல. ஒரு சுரங்கம் மூடினால் தலித் தொழிலாளிக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கோலார் தங்கவயல் சாட்சி.

வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பிப் போன நம் மக்கள்தாம் அந்தச் சுரங்கத்தை வெட்டினார்கள். 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து அங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள், அந்நாளில் உலகிலேயே நீண்ட மின்தடங்களில் அது ஒன்று. பெங்களூரு நகருக்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அந்த வெளிச்சத்தில்தான் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் அங்கே வேர் பிடித்தது, மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை அவர் எழுத்துகளை அச்சிட்டது, 1926இல் ‘தமிழன்’ மறுபடி உயிர்பெற்றது. ஆழத்தில் மூன்று கிலோமீட்டர் வரை இறங்கிய தொழிலாளி மேலே வந்து நூல் வெளியிட்டான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மின்தூக்கி இயக்கத் தெரிந்தவன், பம்பு பழுது பார்க்கத் தெரிந்தவன், வெல்டிங் தெரிந்தவன் அத்தனை பேரும் அதிகாலை ரயிலில் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறவர்கள் ஆனார்கள். இன்றும் அந்த ரயில் நிரம்பித்தான் ஓடுகிறது. மின்சாரம் முதலில் வந்த ஊருக்கு, மின்சாரத்தில் தேர்ந்த தொழிலாளிகள் இருந்த ஊருக்கு, மறுபயிற்சி என்று ஒன்றை முன்கூட்டித் திட்டமிட அரசுக்குத் தோன்றவில்லை.

நெய்வேலியில் இப்போது என்ன நடக்கிறது? 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் நிலையத்தில் கொதிகலன் வெடித்து உயிரிழந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். அதே என்.எல்.சி. நிறுவனம் விருதுநகர், திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களில் சூரிய மின் நிலையங்கள் அமைத்து 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நெய்வேலிக்கும் நம் மாவட்டத்துக்கும் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நிறுவனத்துக்கு அது மாற்றம். பழுப்பு நிலக்கரி அள்ளியவனுக்கு அது வேறு ஊர், வேறு ஒப்பந்ததாரர், வேறு ஆள்.

ஒப்பந்தம் என்ற சொல்லில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. மறுபயிற்சி யாருக்கு என்றால், நிலக்கரித் தொழிலாளிக்கு. நிலக்கரித் தொழிலாளி யார்? நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர். நிரந்தரப் பணியாளரை ஓய்வுபெறும்வரை வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்வார்கள், அவருக்கு மறுபயிற்சி அவ்வளவு அவசரமும் இல்லை. சாம்பல் அள்ளியவர், கரி சிந்தியதைக் கூட்டியவர், கன்வேயரின் கீழே குனிந்து துப்புரவு செய்தவர், இவர்கள் பெயர் ஒப்பந்ததாரரின் நோட்டில் இருந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் ஓடி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்தகைய இடத்தில் ஒப்பந்ததாரர் போனால் நோட்டும் போய்விடும். ஆகவே பயிற்சிக்கு முன்னால் கணக்கெடுப்பு வேண்டும். எந்த நிலையம் மூடப்படப்போகிறதோ அங்கே ஐந்தாண்டுக்கு முன்பே வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட வேண்டும், எந்த நோட்டில் சம்பளம் வாங்கினாலும் சரி.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் சுரங்கங்களில் உழைத்தவர்களே சேர்ந்து 2015 வாக்கில் ‘அயர்ன் அண்ட் எர்த்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எங்களுக்கு வெல்டிங் தெரியும், பைப் ஃபிட்டிங் தெரியும், இதை வைத்துச் சூரிய மின்சாரம் செய்ய விடுங்கள் என்று கேட்டார்கள். பூர்வகுடிகளையும் சேர்த்துக்கொண்டு பயிற்சி நடத்துகிறார்கள். அதே மாநிலத்தில் லிட்டில் பஃபலோ என்ற லூபிகன் கிரீ மக்களின் ஊருக்குப் பக்கத்தில் 2011இல் எண்ணெய்க் குழாய் உடைந்து லட்சக்கணக்கான லிட்டர் சதுப்பில் கொட்டியது. அந்தச் சமூகத்தின் மெலினா லபூக்கன் மசீமோ 2015இல் தன் ஊர் சுகாதார நிலையத்துக்கு 20.8 கிலோவாட் சூரிய மின் அமைப்பை ஊர் இளைஞர்களைக் கொண்டே நிறுவினார். எண்பது பேனல்தான். கமுதிக்கு முன்னால் அது தூசு. ஆனால் சொந்தக்காரர் ஊர்.

சொந்தம் என்ற இடத்தில் நம் ஊர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அறிவித்த பி.எம். சூர்யகர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம். ஒரு கிலோவாட் வைக்க நூறு சதுர அடி அளவுக்கு உறுதியான, நிழல் விழாத கூரை வேண்டும். ஓடும் தகரமும் போட்ட வீடு, காரை பெயர்ந்து கம்பி தெரியும் தொகுப்பு வீடு, இவற்றில் எங்கே வைப்பது? போதாததற்கு, தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நம் வீடுகளில் பலருக்குக் கட்டணமே சொற்பம், மிச்சம் பிடிக்க அதில் என்ன இருக்கிறது? ராஜபாளையம் மில் முதலாளிக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் சோலார் பில்லைக் குறைக்கும். நமக்கு அது தொழிலாகத்தான் வர முடியும்.

அந்தத் தொழிலில் படிகள் இருக்கின்றன. பேனலைத் தலையில் தூக்கி மாடி ஏற்றுகிறவர், கழுவுகிறவர் அடிப்படியில். கம்பி இணைக்கிறவர் அடுத்து. கையெழுத்துப் போடும் உரிமம் உள்ளவர் மேலே. வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்ததாரர் உச்சியில். சாதி இந்தப் படிகளில் எப்படி உட்காரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி முடித்த நம் பையனைக் காலனிப் பையன் என்று தெரிந்ததும் வீட்டு மாடிக்கு ஏற்றத் தயங்கும் தெருக்களும் உண்டு. ஆகவே முதல் படியோடு நிற்கும் பயிற்சிக்கு நாம் கைதட்ட வேண்டியதில்லை.

வயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், அரசு ஐ.டி.ஐ.கள் வழியாக நடக்கிறது. படிப்பு குறைவாக இருந்து கைத்தொழில் தெரிந்தவர்கள் இந்த வழியைப் பிடிக்க வேண்டும். தொழில் தொடங்க, தமிழக அரசு 2023இல் அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீத மூலதன மானியமும் வட்டியில் ஆறு சதவீதச் சலுகையும் தருகிறது. நாலு வயர்மேன் சேர்ந்து ஒரு நிறுவனம் பதிந்தால் ஏணி, மல்டிமீட்டர், கடிப்பான், இடுப்புக் கயிறு, ஒரு சின்ன வண்டி என்று தொடங்கிவிடலாம். பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் உள்ள சூரிய அமைப்புகளின் பராமரிப்பை அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஊராட்சித் தலைவர்களிடம் இந்த மன்றமே எழுத்தில் கேட்கலாம்.

பளியர் குடியிருப்புகளுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜனவரி 26 கிராம சபைக்கு ஏழு வாரம் இருக்கிறது. அதற்கு முன்பே ராம் நகரிலும் அத்திக்கோயிலிலும் குடியிருப்பு மக்களே கூடி, மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சூரிய மின் அமைப்புக்கு ஒரு தீர்மானம், தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒரு தீர்மானம் என்று இரண்டு தாளில் தனித்தனியாக எழுதிக் கையெழுத்தும் கைநாட்டும் இட வேண்டும். இடத்தை நீங்களே நடந்து பார்த்துக் குறியுங்கள், கிழக்கு திறந்த மேடாக. தீர்மானத்தின் ஒரு படி வனச்சரக அலுவலகத்துக்கு, ஒன்று கோட்டாட்சியருக்கு, ஒன்று உங்கள் கையில். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.